நெய்தல் ரத நிர்ணயம்

குதிரை லட்சணத்துக்கும் யானை வைத்தியத்துக்கும் சாஸ்திரம் எழுதி வைத்த இந்தத் தேசத்தில், கடற்கரை மணலில் ஓட்டுவதற்கு எந்த ஃபோர் வீல் ஜீப்பை வாங்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு கிரந்தமும் இல்லாதிருப்பது வித்வான்களின் அசிரத்தையினாலா, அல்லது வித்வான்களிடம் ஜீப் இல்லாத காரணத்தினாலா என்பது தனியே ஆராயத்தக்கது. வண்டி விற்பவர்கள் வழவழப்பான தாளில் அச்சிட்டுக் கொடுக்கும் புத்தகங்களை நான் கிரந்தங்களாகக் கொள்ளவில்லை. அவற்றில் ஒவ்வொரு வண்டியும் அலை நுரையைத் தெறிக்கவிட்டுக்கொண்டு பாய்கிறதே ஒழிய, படம் எடுத்து முடிந்த பிறகு அந்த வண்டி எப்படிக் கரையேற்றப்பட்டது என்கிற உத்தரகாண்டத்தை எந்தப் பதிப்பிலும் காணோம்.

பழைய சாஸ்திரகாரர்கள் நூலைத் தொடங்கும்போதே அதைப் படிக்க அதிகாரி யார், அதன் விஷயம் என்ன, பிரயோஜனம் என்ன என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்கள். இந்த நூலுக்கு அதிகாரி, வங்கிக் கடனுக்கு மனு எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியிடம் இன்னும் பிரஸ்தாபிக்காமல் இருப்பவர். விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது. பிரயோஜனத்தைச் சொல்வதில்தான் சங்கடம். சாலை என்று இருந்தால் அது ஓர் ஊரை இன்னோர் ஊரோடு சேர்க்கவேண்டும். கடற்கரைக்கோ இந்தக் கோடியிலும் கடற்கரை, அந்தக் கோடியிலும் கடற்கரை. ஓட்டிப்போய்ச் சேருகிற இடம் புறப்பட்ட இடத்தைப் போலவே இருக்கும்போது, புறப்பட்டது எதற்காக என்று பூர்வபக்ஷக்காரர் கேட்டால் நமக்கு வாய் அடைத்துப்போகும்.

ஆனால் இந்த ஆட்சேபம் எல்லாத் தேசங்களிலும் செல்லாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையோரத்தில், ஃப்ரேசர் தீவு என்று நெடுங்காலம் வழங்கி 2023-இல் தன் ஆதிப் பெயரை அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெற்ற, உலகின் மிகப் பெரிய மணல் தீவு ஒன்று இருக்கிறது; அதன் கிழக்குப் புறத்தில் 'எழுபத்தைந்து மைல் கடற்கரை' என்று பெயர் பூண்ட கரையே சட்டப்படி ராஜபாட்டை. அந்தப் பாட்டையில் மணிக்கு 80 கிலோமீட்டர் என்ற வேக வரம்பும், மீறியவரைப் பிடிக்கப் போலீஸ்காரரும், சில இடங்களில் சிறு விமானங்கள் வந்து இறங்கும் வசதியும்கூட உண்டு. ஃபோர் வீல் இல்லாத வண்டிக்கு அங்கே பிரவேசமில்லை. அப்பேர்ப்பட்ட புண்ணிய பூமியிலும் மணலில் சிக்கியவற்றுள் முதல் தாம்பூலம் எந்த ஜீப்புக்கும் கிடைக்கவில்லை. 1935-இல் பழைய இரும்புக்கு விலைபோய் ஜப்பானுக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது, நடுக்கடலில் புயல் வந்து இழுவைக் கயிறு அறுந்து, அந்தக் கரையில் வந்து தட்டிய 'மஹெனோ' என்ற கப்பலுக்குத்தான் அது உரியது. அந்தக் கப்பலின் எலும்புக்கூடு இன்றும் அங்கே துருவேறி நிற்கிறது. இழுவைக் கயிற்றின் மகத்துவத்தில் சந்தேகமுள்ள மாணாக்கர்கள் போய்ப் பார்த்து வரலாம்.

இனி, வண்டியைப் பற்றிப் பேசுமுன் மணலைப் பற்றிப் பேசியாகவேண்டும். காய்ந்த மணலில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உராய்வைத் தவிர வேறு உறவு கிடையாது. ஆகையால் பாரம் ஏறியதும் அவை தத்தம் வழியே விலகிப் போகின்றன. சிறிது ஈரம் பட்டால், மணிகளுக்கு இடையில் நிற்கும் நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து இறுக்குகிறது. நீர் மிதமிஞ்சி அடியிலிருந்து ஊறி வந்தாலோ மணிகள் மிதக்கத் தொடங்கி உறவு மறுபடி அறுந்துவிடும். ஈர மணலில் கால் வைத்தவுடன் பாதத்தைச் சுற்றி ஒரு கணம் மணல் வெளுத்து உலர்ந்தாற்போல் தோன்றுவதைக் கடற்கரைக்குப் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள், காரணம் கேட்டிருக்கமாட்டார்கள். மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கேட்டார். 1885-இல் விடையும் சொன்னார். நெருங்கிப் படிந்திருந்த மணிகள் அழுத்தம் பட்டு நகரும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் இடைவெளி விரிகிறது, மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட விளக்கம். ஆகவே, கடற்கரையில் வண்டி ஓட்டத் தகுந்த பாகம், அலை தொட்டு விலகி, ஈரம் காயாமல், நீரும் ஊறாமல் இருக்கும் ஒரு பட்டையே. பொடி மணல் படிந்த கரை சரிவு குறைந்து இறுகிக் கிடக்கும். பருமணல் படிந்த கரை செங்குத்தாகச் சரிந்து பொலபொலவென்றிருக்கும். கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் நடுவில் முழப்பிலங்காடு என்ற கரையில் சுமார் 4 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாதாரணக் கார்களும், பின்னால் மாமியாரை உட்காரவைத்த ஸ்கூட்டர்களும், ஃபோர் வீல் என்ற நாமதேயத்தையே கேள்விப்படாத ஆட்டோக்களும் நிர்விசாரமாக ஓடிக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான். நம் ஆராய்ச்சிக்கு முதல் அடி அங்கேயே விழுகிறது என்றாலும், ஆராய்ச்சியாளன் அதற்கெல்லாம் அசைந்து கொடுக்கலாகாது.

வண்டியைப் பொறுத்தவரை வித்வான்கள் இரு கட்சி. பாரவாதிகள் என்று நான் பெயரிட்டிருக்கும் முதல் கட்சியார், லாண்ட் குரூஸர் போன்ற கனத்த சரீரமும் பெரிய எஞ்சினும் உள்ள வண்டியே மணலை மதியாமல் ஏறிப்போகும் என்பார்கள். லகுவாதிகளோ, ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ள பழைய மாருதி ஜிப்ஸியையும் அதன் இனத்தைச் சேர்ந்த ஜிம்னியையும் சுட்டிக்காட்டி, புதையாதிருப்பதே முதல் தர்மம் என்றும், ஒருவேளை புதைந்தாலும் நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம் என்றும் வாதிப்பார்கள். இந்த நாலு பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதை லகுவாதிகள் சொல்வதில்லை. பாரவாதிகளும் தங்கள் வண்டி புதைந்தால் என்ன செய்வது என்ற அத்தியாயத்தை எழுதாமலே விட்டுவிட்டார்கள். ஏனென்றால் அந்த நிலையில் செய்வதற்கு அநேகமாக ஒன்றுமே இல்லை.

இரு கட்சியாரும் ஒப்புக்கொள்ளும் ஒரே சங்கதி நாலு சக்கரமும் உந்தவேண்டும் என்பது. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் போகவேண்டியிருப்பதால், இரண்டுக்கும் வேகத்தில் சுதந்திரம் கொடுப்பதற்காக அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பெட்டியை வைத்திருக்கிறார்கள். வேகத்தில் சுதந்திரம் கொடுக்கும் அந்தப் பெட்டி பலத்தை மட்டும் இரண்டு பக்கமும் சரிசமமாகவே பகிர்ந்து கொடுக்கும். சமத்துவம் உயர்ந்த லட்சியந்தான். ஆனால் பிடிப்பை இழந்த ஒரு சக்கரத்தைச் சும்மா சுழற்றுவதற்கு வேண்டிய பலம் அற்பமாகையால், பிடிப்போடு நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அந்த அற்பமே பங்காகக் கிடைக்கிறது. விளைவு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஆவேசம் வந்து சுழல, மற்ற இரண்டும் துவாரபாலகர்களைப் போல் அசையாது நிற்கும். நாலு சக்கர உந்துதலுக்கு விலை கொடுத்தவர் ஆபத்துக் காலத்தில் இரண்டைத்தான் காண்கிறார். இதற்குப் பரிகாரமாக அந்தச் சமத்துவத்தைத் தற்காலிகமாக ரத்து செய்யும் பூட்டு ஒன்று உண்டு. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே அது இருக்கிறது. வாங்குகிறவர் வர்ணத்தையும் பாட்டுப் பெட்டியையும் கேட்பதற்கு முன் இந்தப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டால், விற்பனைப் பிரதிநிதியின் முகத்தில் ஒரு புதிய மரியாதை தோன்றும். அல்லது அவர் உள்ளே போய் வேறொருவரை அழைத்து வருவார்.

சரித்திரத்தையும் தொட்டுக்கொண்டு போகவேண்டும். ரோவர் கம்பெனியில் பிரதம எஞ்சினியராயிருந்த மாரிஸ் வில்க்ஸ், 1947-இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸி தீவில் ரெட் வார்ஃப் வளைகுடாவின் கடற்கரையில் நின்றுகொண்டு, தம் மனத்திலிருந்த வண்டியின் உருவத்தை மணலில் கோடு கிழித்துக் காட்டினார். அதுவே மறு வருஷம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் என்ற பெயருடன் அரங்கேறியது. கடற்கரையில் கர்ப்பம் தரித்த வண்டிக்குக் கடற்கரை ஓட்டம் சுபாவமாகவே கைவரும் என்று எண்ணுவது நியாயம். ஆனால் உப்புக் காற்று நியாயசாஸ்திரம் படித்ததில்லை. யுத்தத்துக்குப் பிந்திய அந்நாளில் எஃகு ரேஷனில் கிடைத்தபடியால் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டத்தை மட்டும் எஃகிலேயே செய்தார்கள். சரீரம் அழியும், உள்ளிருப்பது அழியாது என்று கீதை முதலான நூல்கள் உபதேசித்திருக்க, இந்த வண்டியிலோ மேலே சரீரம் பளபளவென்று நிலைத்திருக்க உள்ளே சட்டம் துருவாய் உதிர்ந்து போகும் அதிசயத்தைக் கண்டு வேதாந்திகள் திகைத்திருக்கவேண்டும்.

மணலில் வண்டி ஓட்டிய மகான்களில் ரால்ஃப் பாக்னோல்டுக்கு நிகரானவரை நான் அறியேன். எகிப்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேவித்துக்கொண்டு, ஓய்வு நாட்களில் ஃபோர்டு கார்களை லிபியப் பாலைவனத்து மணற்குன்றுகளின் மேல் ஏற்றி இறக்குவதையே பொழுதுபோக்காகக் கொண்டிருந்த அவர், மணல் காற்றில் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றி 1941-இல் ஒரு பௌதிக நூலை வெளியிட்டார். பாலைவனத்துக்கும் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, கடலை வைக்க மறந்துபோன கடற்கரையே பாலைவனம் என்று பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன். 1940-இல் கெய்ரோவில் அவர் அமைத்த நெடுந்தூர ரோந்துப் படைக்கு என்ன வண்டியைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் நம் ஆராய்ச்சிக்கு இரண்டாவது அடி விழுகிறது. பின் சக்கரங்கள் மட்டுமே உந்தும் செவ்ரொலே லாரிகள் அவை! பிற்பாடு நாலு சக்கரமும் உந்தும் ஃபோர்டு லாரிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை பெட்ரோலை அளவின்றிக் குடித்தன. 1942-இல் அந்தப் படையினர் மறுபடியும் இரண்டு சக்கரச் செவ்ரொலேக்கே திரும்பிவிட்டார்கள். சக்கரம் புதைந்தால் அடியில் செருக எஃகுத் தகடும், புதையாதிருக்க டயரில் குறைந்த காற்றும் இருந்தபடியால் அந்த லாரிகளுக்குப் பாலைவனம் வழிவிட்டது.

இங்கேதான் சித்தாந்தம் உதயமாகிறது. டயர் மணலை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். 1,600 கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் டயர்களில், பங்க்சர் கடைக்காரர் வழக்கம்போல் 35 பவுண்டு காற்று அடித்து அனுப்பியிருந்தால், ஒவ்வொரு சக்கரமும் உத்தேசமாக 25 சதுர அங்குலம், அதாவது விரல்களோடு சேர்த்து ஒரு கை அகல இடத்தில் அந்த வண்டியின் காற்பங்குப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. காற்றைப் பாதியாக இறக்கினால் டயர் சப்பிப்போய், தரையைத் தொடும் இடம் முன்னும் பின்னுமாக நீண்டு, ஐம்பது சதுர அங்குலமாகிறது, மணல் தாங்குகிறது. வாங்கும்போது பத்துப் பதினைந்து லட்சம் கேட்கும் ஒரு வண்டியில் கடற்கரைக்கு மிகமிக முக்கியமான உறுப்பு, சல்லிக் காசு செலவில்லாமல் வெளியேற்றப்படும் காற்று என்ற இந்த உண்மையை ஷோரூமில் ஏன் சொல்வதில்லை என்று யோசித்தால் விளங்கும். இறக்கிய காற்றோடு சடாரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். அதே நிலையில் தார்ச்சாலையில் வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும். ஆகவே வண்டியோடு ஒரு சிறு காற்றடிக்கும் பம்பும், அழுத்தம் பார்க்கும் மீட்டரும் வாங்கவேண்டும். இவை விட்ட பிராணனைத் திரும்பக் கொடுப்பவை.

அலை ஏற்ற இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீர் வற்றி இறங்கிய பொழுதில் போய், ஏறுமுன் திரும்பிவிடவேண்டும். ஆஸ்திரேலியாவில் உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கரையில் வண்டி ஓட்டாதே என்று எச்சரிக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், நமக்குக் கிடைக்கும் இறுகிய பட்டையும் ஒடுங்கியதே. திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும் என்பது விதி. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் ஒருவர் ஜீப்பின் வயிற்றுக்கு அபிஷேகம் செய்தால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்பதை இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டதாக விட்டுவிடுகிறேன்.

நம் நாட்டில் இந்த வித்தையைச் சாஸ்திரமில்லாமலே ஓதி உணர்ந்த ஒரு குருகுலம் இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும் அதன் ரயில் பாதையையும் கொண்டுபோன பிறகு, 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் வரைக்கும், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அப்பால் போகவேண்டியவர்களை வேன்களும் ஜீப்புகளுமே மணலிலும் சேற்றிலும் கடல்நீரிலுமாக ஏற்றிக்கொண்டு போயின. தகரம் துருவேறி, கதவைக் கயிற்றால் கட்டி, உட்கார இடமின்றி ஜனங்களை அடைத்துக்கொண்டு குலுங்கிப் போன அந்த வண்டிகளை எந்த ஷோரூமில் நிறுத்தினாலும் காவற்காரரே விரட்டிவிடுவார். ஆயினும் அவை போய் வந்தன. முன்னால் போன வண்டியின் தடத்தை விடாமல், ஓட்டத்தை நிறுத்தாமல், திடீரென்று பிரேக்கை மிதிக்காமல், கியரை நடுவழியில் மாற்றாமல் போகவேண்டும் என்பது அந்த ஓட்டுநர்களின் காலுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது. சாலை வந்ததும் குருகுலம் கலைந்தது.

ஓட்டுபவனைப் பற்றிப் பேச்சு வந்ததால் சங்க நூற்சான்று ஒன்றும் காட்டுகிறேன். நற்றிணையில் உலோச்சனார் பாடிய நெய்தற் பாட்டு ஒன்றில், தலைவனுடைய தேர் அலை மோதும் மணற்கரையில் வருகிறது, தேர்ச் சக்கரத்தின் அருகே நண்டு சிக்கிவிடாதபடி பாகன் கடிவாளத்தை ஆராய்ந்து பிடித்து ஓட்டுகிறான், நிலவு விரிந்திருக்கிறது. தேருக்கு எத்தனை குதிரை, அதன் அடிப்பாகம் தரையிலிருந்து எத்தனை விரற்கடை உயரம் என்பதைப் பற்றிப் புலவர் வாயே திறக்கவில்லை. கடற்கரைக்கு உரிய வாகனத்தின் லட்சணத்தைக் கேட்டவருக்குக் கடிவாளம் பிடித்த கையைக் காட்டிவிட்டுப் போகிறார். பாகனுக்கு நிலவு போதுமாயிருந்ததையும் கவனிக்கவேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைகளில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பிப் போகிறவை. ஜீப்பின் முகவிளக்கு அவற்றைத் திசை தப்பச் செய்யும். டயர் பதித்த பள்ளம் அவற்றுக்கு ஏறமுடியாத மதில். ஆகவே இரவில் ஓட்டவே கூடாது. கோவாவில் பகலிலும் கூடாது. அங்கே கடற்கரையில் வண்டி ஓட்டினால் வழக்குப் போடுகிறார்கள்.

கடைசியாக உதாஹரணம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில், வெள்ளை வெளேரென்ற புது ஜீப் ஒன்று கடலைப் பார்த்த வாக்கில் மணலில் இறங்கி நின்றது. உரிமையாளர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. சிறிது நேரத்தில் வண்டியின் அடிவயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர், கையிலிருந்த ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மிதிக்காதீங்க சார், மிதிக்க மிதிக்க உள்ளதான் போவும்" என்றார்.

"பெரியவரே, இது ஃபோர் வீல் வண்டி" என்றார் உரிமையாளர், சற்றுக் கௌரவத்தோடு.

"தெரியுது சார். அதான் நாலும் சேந்து தோண்டுது."

அதன்பின் படகுகளை மேட்டுக்கு இழுத்து வைக்கும் டிராக்டர் வந்தது. பின் சக்கரங்கள் மட்டுமே உந்துகிற, விளக்கும் ஹாரனும் போன, இருக்கையில் சாக்கு விரித்த பழைய டிராக்டர். கூலி பேசத் தொடங்கியபோது அலை நுரை வண்டியின் முன் டயரைத் தொட்டு மீண்டது. பேசி முடிப்பதற்குள் பம்பரை நனைத்தது. தொகையும் அதற்கு இசைவாக உயர்ந்து நின்றது. பிறகு கயிற்றைக் கட்ட இடம் தேடினார்கள். டிராக்டர்காரர் மல்லாந்து படுத்து, பின் பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கைக்கு அகப்பட்டதெல்லாம் பிளாஸ்டிக். மூடியைக் கழற்றித் திருகவேண்டிய ஒரு வளையம் டூல்ஸ் பையில் இருக்கிறது என்று கையேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். பையோ வீட்டில் இருந்தது. கடைசியில் பின் அச்சைச் சுற்றிக் கயிறு போட்டு, நாலு டயரிலும் தீக்குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கி, டிராக்டர் ஒரு முறை உறுமியதும் ஜீப் மேட்டில் வந்து நின்றது.

பணத்தை எண்ணிக் கொடுத்த உரிமையாளர், இந்த மணலுக்கு எந்த வண்டிதான் சரிப்படும் என்று டிராக்டர்காரரையே கேட்டார். அவர் நோட்டுகளை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைச் சுருட்டியபடி சொன்னார்:

"எது வேணா வாங்குங்க சார். கொக்கி இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க."